வைத்தியப் படிப்பும் சுயமரியாதையும்

(பாளையங்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வைத்தியக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் படிப்பைத் தாங்களே நடத்திக்கொண்டு போவதற்கு எவையெவை துணையாயிருக்கின்றன, எவையெவை தடையாயிருக்கின்றன என்பதைப்பற்றி இன்று நாம் பேச வந்திருக்கிறோம். இதைக் கேட்டவுடனே, "இவருக்கும் வைத்தியப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயந்தான். நாம் கல்லூரி வாசற்படியை மிதித்தவரல்ல. பள்ளிக்கூடத்தை விட்டபின் கையில் அகப்பட்டதைப் படித்து, புரியாததை நாலு பேரிடம் கேட்டு, தப்பாய்ப் புரிந்துகொண்டதைப் பிறகு திருத்திக்கொண்டு வந்தவர்.

ஆனால் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாத்தியதை உண்டு. டாக்டர் கற்றதும் கற்காததும் கடைசியில் யாருடைய உடம்பில் வந்து விடிகிறது? நம்முடைய உடம்பில்தானே! பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் தாமிரபரணிக் கரையிலிருக்கிற ஏழை ஜனங்களில் எத்தனையோ பேர் நோய் முற்றினால் வந்து விழுகிற இடம் இதே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. அதை ஒட்டித்தான் 1965-ல் ஏற்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு ஓராண்டு முந்தி, 1964-ல், சித்த மருத்துவக் கல்லூரியும் இவ்வூரிலேயே ஏற்பட்டது. ஆகவே டாக்டர்கள் எப்படி உண்டாகிறார்கள் என்று கேட்பதற்கு இவ்வூர்க்காரரைவிட உரிமையுள்ளவர் யார்?

ஒரு பையனின் சங்கதி

சில வருஷங்களுக்கு முன் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். ஆற்றின் கடைமடைப் பக்கத்துக் கிராமம், கூலி வேலை. அவர் மகன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, 2020-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்த ஏழரை சதவிகித ஒதுக்கீட்டின்படி ஒரு வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்றவன். அந்த வம்சத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முதல் வருஷப் பரீட்சையில் தவறிவிட்டு வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, பயலுக்கு நேரம் சரியில்லை. ஏழரைச் சனி நடக்குதுன்னு சோசியர் சொல்லிட்டாரு. பரிகாரத்துக்குப் பணம் பொரட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

பாருங்கள் தோழர்களே! ஏழரை சதவிகிதத்தினால் வந்த இடத்தை ஏழரைச் சனி கொண்டுபோகப் பார்க்கிறதாம்! நாம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நீ ஏன் தவறினாய் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டோம். அவன் சனியைச் சொல்லவில்லை. "எனக்கு அவ்வளவு மூளை இல்லை, பெரியப்பா" என்றான்.

தகப்பனார் சொன்னதும் மகன் சொன்னதும் வேறுவேறு போலத் தோன்றும். யோசித்தால் இரண்டும் ஒன்றே. சனிதான் காரணமென்றால் பையன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மூளை இல்லை என்பது காரணமென்றாலும் அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரண்டும் காரணத்தைக் கைக்கெட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. "நான் படித்த முறை தப்பு" என்று ஒருவன் சொன்னால் மாத்திரமே நாளைக் காலையில் அவன் மாற்றிச் செய்வதற்கு ஏதாவது இருக்கும். தோல்விக்குக் காரணத்தைத் தன்னால் திருத்தக்கூடிய இடத்தில் தேடுகிறவன் மேலே போகிறான். தலையெழுத்தில் தேடுகிறவன் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். இதைக் கல்வி ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது பரிசோதித்துச் சொல்கிறார்கள். நம் இயக்கம் தலையெழுத்தை எதிர்த்ததற்குக் காரணமும் இதுவே.

அந்தப் படிப்பு என்பது என்ன?

தன்னைத் தானே நடத்திக்கொண்டு படிப்பதென்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ பயிர் செய்கிற சம்சாரி என்ன செய்கிறார்? இந்தப் போகத்துக்கு எந்த நெல், எப்போது நாற்று, எவ்வளவு தண்ணீர் என்று முன்னாலேயே கணக்குப் பண்ணுகிறார். பயிர் நிற்கும்போது தினமும் வரப்பில் நடந்து இலையின் நிறத்தைப் பார்க்கிறார். மஞ்சளானால் ஏன் என்று கேட்டு, செய்கிற காரியத்தை மாற்றுகிறார். அறுப்பு முடிந்ததும் எங்கே குறைந்தது என்று பார்த்து அடுத்த போகத்துக்குப் புத்தி சேர்த்துக்கொள்கிறார். முன்யோசனை, நடக்கும்போது கவனிப்பு, முடிந்தபின் பரிசீலனை ஆகிய இம்மூன்றையுந்தான் அமெரிக்கக் கல்வியறிஞர் பாரி ஜிம்மர்மன் என்பவர் படிப்பின் சக்கரமாக எடுத்துக் காட்டினார். நம் சம்சாரிக்கு வயலில் தெரிந்ததை மாணாக்கன் புத்தகத்தில் செய்ய வேண்டும், அவ்வளவே.

எல்லாப் படிப்புக்கும் இது வேண்டியதென்றாலும், வைத்தியத்துக்கு ஏன் விசேஷமாய் வேண்டும்? கல்லூரியில் இருப்பது சில வருஷம். வைத்தியம் பார்ப்பது நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷமும் பின்னால் பிரம்போடு வாத்தியார் நிற்கமாட்டார். மருந்து மாறும், முறை மாறும், நேற்று சரியென்றது இன்று தப்பாகும். வயிற்றுப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணமென்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் ஒரு கிருமியைத் தானே குடித்துப் பார்த்து, அக்கிருமி வயிற்றில் அழற்சியை உண்டாக்குவதைக் காட்டினார். 2005-ல் அவருக்கும் அவருடைய கூட்டாளி ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் எல்லோரையும் கிருமி குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்தபிறகும் பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போனவன் கதி என்னவென்று யோசியுங்கள்!

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

நிற்க. இந்தப் படிப்பு முறை சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை; அதற்குக் காரணம் பிறப்பா? அப்படிச் சொல்வதற்கு இந்த நாட்டில் ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் ஆல்பர்ட் பந்துரா என்ற மனோதத்துவ அறிஞர் ஆராய்ந்து சொன்னதைக் கேளுங்கள். "என்னால் முடியும்" என்கிற எண்ணம் நான்கு வழியாக வருகிறதாம். தானே ஒரு சிறு காரியத்தைச் செய்து முடித்தால் வருகிறது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்த்தால் வருகிறது. மதிக்கத்தக்கவர் ஊக்கமாய்ச் சொன்னால் வருகிறது. உடம்பும் மனமும் நல்ல நிலையிலிருந்தால் வருகிறது. இந்த நான்கில் கோத்திரம் எங்கே இருக்கிறது? நட்சத்திரம் எங்கே இருக்கிறது?

நான்கில் இரண்டாவதைப் பாருங்கள்: தன்னைப் போன்றவரைப் பார்ப்பது. புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் அங்கே உட்கார்ந்ததே, பின்னால் வந்த எத்தனையோ பெண்களுக்கு "அவரால் முடிந்தால் என்னாலும் முடியும்" என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆதாரமாயிற்று. வைத்தியப் படிப்புக்கு மனுப்போட சமஸ்கிருதம் வேண்டுமென்றிருந்ததை நீதிக்கட்சி ஆட்சியில் பனகால் அரசர் நீக்கினார் என்று நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். வாசலைத் திறப்பதென்பது உள்ளே போகிற ஒருவனுக்கு மாத்திரம் செய்கிற உபகாரமல்ல. வெளியே நின்று பார்க்கிற ஆயிரம் பேருக்கு நம்பிக்கை உண்டாக்குகிற காரியம்.

இதற்கு நேர் எதிரானதும் இந்த ஆற்றங்கரையில்தான் நடந்தது. சேரன்மாதேவி குருகுலத்தை அறியாதவர் உங்களில் யார்? பொதுப்பணம் வாங்கித் தேச சேவைக்கென்று நடந்த அந்த இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி இடங்கொடுக்கப்பட்டதென்று 1924, 25-ல் பெரிய கிளர்ச்சி நடந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கண்டித்தார்கள். "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா இவ்வளவு சண்டை?" என்று அன்று கேட்டவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கல்ல, தோழர்களே! தனிப் பந்தி போடுகிற பள்ளிக்கூடம் தினமும் ஒரு பாடம் நடத்துகிறது. "நீ கீழானவன்" என்பதே அந்தப் பாடம். அதற்குப் புத்தகமில்லை, பரீட்சையில்லை. ஆனால் ஆயுசுக்கும் மறக்காது. இன்றைக்குத் தனிப் பந்தி இல்லாவிட்டாலும், "நீ கோட்டாவில் வந்தவனா?" என்று விடுதியில் ஒருவன் கேட்டால் அதுவும் அதே பாடந்தான். அதைக் கேட்ட பையன் அன்றிரவு புத்தகத்தைத் திறந்தாலும் எழுத்து கண்ணுக்குப் படுமா?

பாஷையும் வாத்தியாரும்

நம் பையனை மேலும் விசாரித்தோம். "வகுப்பில் சொல்வது புரிகிறதா?" என்றோம். "பாதி புரியும். மீதியை மனப்பாடம் பண்ணிடுவேன்" என்றான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன், திடீரென்று இங்கிலீஷில் உடற்கூறு கேட்கிறான். புரியாததைத்தான் நெட்டுருப் போட வேண்டியிருக்கிறது. நெட்டுருப் போட்டதைத் தான் சரியாக அறிந்திருக்கிறோமா என்று சோதித்துக்கொள்ள வழியில்லை. ஆகையால் அவனுடைய படிப்புக்குக் கண்ணே இல்லாமற் போகிறது.

"தமிழில் வைத்தியம் கற்பிக்க முடியுமா?" என்று சிரிப்பார்கள். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஷ் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர், மணிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிற்பாடு தமிழிலேயே பாடம் நடத்தி, உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அவர் பாதிரிமார் சங்கத்தால் அனுப்பப்பட்டவர். அவருடைய மதம் நமக்கு வேண்டியதில்லை. அவர் செய்த காரியம் வேண்டும். இங்கிலீஷை ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உலகத்து வைத்திய ஏடுகளைப் படிக்க அது அவசியந்தான். முதலில் தமிழில் புரியட்டும். பிறகு இங்கிலீஷில் சொல்லட்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

பாஷைக்கு அடுத்தது வாத்தியார். "புரியாததைக் கேட்டாயா?" என்றதற்குப் பையன், "கேட்டால் எல்லோர் முன்னிலையிலும் திட்டுவார்கள்" என்றான். இதுவே குருபக்தியின் இலட்சணம்! கேள்வி கேட்பதை அவமரியாதையாக நினைக்கிற இடத்தில் எவனும் தன் அறியாமையை வெளியே காட்டமாட்டான். மறைத்து வைத்த அறியாமை ஒருநாள் நோயாளியின் படுக்கையில் வெளிப்படும்.

வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் 1847-ல் நடந்ததைச் சொல்லுகிறோம். அங்கே இரண்டு பிரிவு. ஒன்றில் மருத்துவச்சிகள், மற்றதில் டாக்டர்களும் மாணாக்கர்களும். படித்தவர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார் அதிகமாய் ஜன்னி கண்டு செத்தார்கள்! இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் "ஏன்?" என்று கேட்டார். பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்று கண்டு, குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. பெரியவர்களில் பலர் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. ஏட்டில் இல்லாததை ஒரு சின்னவன் சொல்வதா என்றார்கள். அவர் 1865-ல் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆகவே "அகத்தியர் சொன்னார்" என்று ஒப்புக்கொள்வது மட்டுமல்ல மூடநம்பிக்கை. "புரொபசர் சொன்னார்" என்று கேள்வியில்லாமல் ஒப்புக்கொள்வதும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. சித்த வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது பொது.

பரீட்சையும் கடிவாளமும்

நம் பையன் சோம்பேறியா? அல்ல. இராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படித்திருக்கிறான். எப்படிப் படித்தான்? ஒரே பக்கத்தைத் திரும்பத்திரும்ப வாசித்து, மஞ்சள் மையால் கோடு போட்டான். வாசிக்க வாசிக்க எழுத்து பழகிப்போகிறது. பழகிப்போனதையே தெரிந்துபோனதென்று மனம் நம்பிவிடுகிறது. எதிர்வீட்டுக்காரரைத் தினமும் பார்க்கிறோம். அதனாலேயே அவர் சமாசாரமெல்லாம் தெரிந்துவிடுமா?

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தை மறுபடி வாசித்தது. மற்றொரு கூட்டம் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடி எழுதினவர்கள் ஜெயித்தார்கள்! கற்றதை நாள் விட்டு நாள் திரும்பப் பார்த்தால் நிற்கும், ஒரே மூச்சில் விழுங்கினால் போய்விடும் என்பதும் அப்படியே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. புத்தகத்தை மூடி "எனக்கு என்ன தெரியும்?" என்று தன்னையே கேட்பதைவிடப் பகுத்தறிவான காரியம் வேறென்ன?

இந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை? அவர்களைப் பழக்கின விதம் அப்படி. நீட் பரீட்சைக்கென்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் தனிப்பயிற்சிக் கூடங்களில் அடைக்கிறார்கள். எழுந்திருப்பது, படிப்பது, தூங்குவது எல்லாம் மணியடித்தபடி. இதைப் படி, இதை விடு, இத்தனை கணக்குப் போடு என்று கடிவாளம் முழுதும் பிறர் கையில். பணமுள்ளவன் பிள்ளை இப்படி வருகிறான். பிறகு ஒருநாள் கடிவாளத்தைக் கழற்றிக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, "நீயே ஓடு" என்றால், ஜட்கா வண்டிக் குதிரை எங்கே போகும்? சவாரி இல்லாமல் நடுத்தெருவில் நிற்கும். ஆகவே இது ஏழைப் பிள்ளைக்கு மாத்திரம் உள்ள வியாதியல்ல.

1969-ல் கனடா நாட்டு மக்மாஸ்டர் வைத்தியப் பள்ளியில், சிறு கூட்டமாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் சங்கதியை வைத்துக்கொண்டு, "நமக்கு என்ன தெரியாது, அதை எங்கே தேடுவது" என்று மாணாக்கர்களே ஆராயும் முறையை ஏற்படுத்தினார்கள். நம் நாட்டிலும் 2019-ல் வந்த புதிய வைத்தியப் பாடத்திட்டத்தில், மாணாக்கன் தானே கற்பதற்கென்று மணிக்கணக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லதே. ஆனால் மணி ஒதுக்கிவிட்டால் மட்டும் ஆயிற்றா? பரீட்சை கிளிப்பிள்ளையைக் கேட்டால் பிள்ளைகள் கிளிப்பிள்ளையாகத்தான் ஆவார்கள். "ஏன்?" "எப்படித் தெரியும்?" என்று பரீட்சை கேட்கட்டும், படிப்பு தானாக மாறும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே! தகப்பன்மார்களே! கோபித்துக்கொள்ள வேண்டாம். பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று பெருமை பேசிவிட்டு, லீவில் வந்தவளை அடுப்படியில் நிறுத்தி, பையனை மாத்திரம் "படிக்கட்டும், தொந்தரவு செய்யாதே" என்கிறீர்களே, அவள் படிப்பது வேறு புத்தகமா? பரீட்சை சமயத்தில் போன் செய்து வரன் பேசுகிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்? தூக்கமில்லாத மூளையில் படிப்பு தங்காது. தூக்கத்தில்தான் கற்றது ஊன்றுகிறதென்று இப்போது கண்டிருக்கிறார்கள். பரிகாரத்துக்குப் புரட்டுகிற பணத்தைப் பிள்ளையின் நல்ல சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள். பலன் கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நமக்கு உடற்கூறு தெரியாது. ஆகையால் அவன் நமக்கு அதைத் தமிழில் சொல்லித்தர வேண்டுமென்று ஏற்பாடு செய்துகொண்டோம். இருதயத்தில் இரத்தம் எப்படிப் போகிறதென்று புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லுவான். நாம் அசட்டுக் கேள்வி கேட்போம். முழிப்பான். முழித்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய் மறுநாள் பதிலோடு வருவான். மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவனையும் துணைக்குப் பிடித்துக்கொண்டான். மறுபரீட்சையில் தேறினான். முதல் மார்க்கு வாங்கவில்லை. சில பாடத்தில் இன்னும் திணறத்தான் செய்கிறான். ஆனால் இப்போது எங்கே திணறுகிறோம் என்பது அவனுக்கே தெரியும். சோதிடர் அந்த ஜெயத்தையும் சனி விலகின கணக்கில் எழுதிக்கொண்டார் என்று கேள்வி!

கடைமடைக்குத் தண்ணீர்

கடைசியாக ஒன்று. "தன் படிப்புக்குத் தானே பொறுப்பு" என்று நாம் சொன்னதை எடுத்துக்கொண்டு, "அப்படியானால் தவறினவன் தானே குற்றவாளி" என்று சில கெட்டிக்காரர்கள் திருப்பிவிடுவார்கள். ஏமாறாதீர்கள். மேலே மடையை அடைத்துவிட்டுக் கடைமடைக்காரனைப் பார்த்து, "உன் வயல் ஏன் காய்ந்தது? நீ ஒழுங்காய் வரப்பு வெட்டவில்லை" என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? வரப்பு வெட்டுவது அவன் கடமை. மடையைத் திறப்பது நம் எல்லோருடைய கடமை. புரிகிற பாஷை, கேள்வியைப் பொறுக்கிற வாத்தியார், ஏன் என்று கேட்கிற பரீட்சை, ஏளனமில்லாத விடுதி, தூக்கமும் சோறும் இவையே அந்தத் தண்ணீர். அன்றியும், தானே படிப்பதென்றால் தனியே கிடந்து சாவதென்று அர்த்தமல்ல. தனக்குத் தெரியாததை வெட்கமில்லாமல் இன்னொருவரிடம் போய்க் கேட்பதுதான் அந்தப் படிப்பின் முதல் இலட்சணம்.

மாணாக்கத் தோழர்களே! நாளைக்கு ஆற்றங்கரைக் கிராமத்துக் கிழவி ஒருத்தி உங்கள் முன்னால் வந்து உட்காருவாள். உங்கள் மார்க்கை அவள் கேட்கமாட்டாள். "எனக்கு இது தெரியவில்லை, பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்" என்று சொல்லத் தெரிந்த டாக்டராயிருந்தால் அவள் பிழைப்பாள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிற டாக்டராயிருந்தால், அவளுக்கு நீங்களும் அந்தச் சோதிடரும் ஒன்றுதான்.

நாம் பேசிய இவ்வளவையும் நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொண்டால், பேசியதெல்லாம் வீண். வீட்டுக்குப் போய் உங்கள் புத்தியில் வைத்து நிறுத்துப் பாருங்கள். சரியென்று பட்டதைச் செய்யுங்கள். தப்பென்று பட்டதை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.